கடாரம் கொண்டான்: ஒரு வரியில் இரண்டு கூற்றுகள்



எம்மிடம் தமிழ்ப்பள்ளியில் பயின்று இன்று கல்லூரிகளில் வரலாறு படிக்கும் மாணவர் சிலர், தத்தம் இடுபணிகளை அனுப்பிக் கருத்துக் கேட்பதுண்டு. அவற்றுள் ஒரு வரி தவறாமல் இடம்பெறும்: "1025இல் இராசேந்திர சோழன் கடாரத்தை வென்று மலாயாவை ஆண்டான்." இதற்கு மதிப்பெண் குறைந்தால், தமிழர் பெருமையை விரிவுரையாளர் ஏற்க மறுக்கிறார் என்று மனம் வெதும்புகின்றனர். நான் அவ்வாறு கருதவில்லை. அவ்வரியில் இரண்டு கூற்றுகள் உள்ளன. 'வென்றான்' என்பதற்குச் சான்று உண்டு. 'ஆண்டான்' என்பதற்கு இல்லை.

சான்று என்பது இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி. தஞ்சைப் பெரிய கோயிலிலும் அது பொறிக்கப்பட்டுள்ளது. கடலில் கலங்கள் பல செலுத்தியதையும், கடாரத்து அரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மனைப் பிடித்ததையும், அவனுடைய யானைகளையும் செல்வத்தையும் கவர்ந்ததையும் அது கூறுகிறது. சிறீவிசயம் தொடங்கிக் கடாரம் ஈறாகப் பதின்மூன்று இடங்களை அடுக்குகிறது. ஆளுநரை அமர்த்தியதாகவோ வரி தண்டியதாகவோ அதில் ஒரு சொல்லும் இல்லை. '1025' என்ற எண்ணும் கல்லில் இல்லை! இப்படையெடுப்பு 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் முதற்கொண்டே இடம்பெறுவதால், 1012ஐ முதலாண்டாகக் கொண்டு அறிஞர் கணித்த ஆண்டு அது. கல் சொல்வது எது, கல்லைப் படித்தவர் சொல்வது எது எனப் பிரித்து எழுதக் கற்றுக்கொண்ட மாணவரின் கட்டுரை அன்றே வேறாகிவிடுகிறது.

படித்தவர்களும் தடுமாறியிருக்கின்றனர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடாரத்தைப் பர்மாவில் தேடினர். பெகு அருகே கிடைத்த கருங்கல் தூண்களை இராசேந்திரனின் வெற்றித் தூண்கள் என்றே கொண்டாடினர். 1918இல் பிரெஞ்சு அறிஞர் சார்ச் செதேசு, சீனக் குறிப்புகளையும் கல்வெட்டுகளையும் ஒப்புநோக்கிச் சிறீவிசயப் பேரரசை அடையாளங்கண்ட பின்னரே பார்வை சுமத்திராவுக்கும் நம் கெடாவுக்கும் திரும்பியது. 'இலங்காசோகம்' என்பது இலங்காசுகம் என்பதில் பெரிதும் ஐயமில்லை. மேவிலிம்பங்கம், வளைப்பந்தூறு போன்றவை எவை என்பதில் இன்றும் ஒருமித்த கருத்தில்லை. மெய்க்கீர்த்தி, அரசனைப் புகழவே எழுந்தது. தோல்விகளை அது பாடாது. இதைச் சொன்னவுடன், "அப்படியானால் அனைத்தும் பொய்யா, ஐயா?" என்று கேட்கின்றனர். இல்லை. புகழுரை என்பதற்காகத் தள்ளவும் வேண்டா. கல்லில் உள்ளது என்பதற்காக அப்படியே விழுங்கவும் வேண்டா. வேறொரு சான்றை அருகில் வைக்க வேண்டும்.

அதற்கு நான் தருவது வீரராசேந்திரனின் 7ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு. 1060களின் இறுதியில், தன்னை நாடி வந்த மன்னனுக்காகக் கடாரத்தை வென்று, அவனிடமே திருப்பிக் கொடுத்ததாக அது கூறுகிறது. கடாரம் சோழராட்சியிலேயே தொடர்ந்திருந்தால் மீண்டும் வெல்வானேன்? திருப்பிக் கொடுப்பானேன்? இவ்வினாவை மாணவர்களிடம் விட்டுவிட்டு நான் பேசாமலிருந்துவிடுவேன். விடையை அவர்களே எழுதுகையில், 'என்பது திண்ணம்' என்ற சொல்லாட்சி 'எனக் கருத இடமுண்டு' என்று தானாகவே மாறுகிறது.

இலெய்டன் செப்பேடுகள் என வழங்கும் இரு சாசனங்களையும் சேர்த்துப் படித்தால் படம் இன்னும் விரிகிறது. நாகப்பட்டினத்தில் சிறீவிசய அரசர் எழுப்பிய சூடாமணி விகாரத்திற்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்தான். அவன் மகனே கடாரத்தின்மீது கலம் செலுத்தியவன். பின்னர் 1090இல், கடாரத்து அரசனின் தூதர் வேண்டியதற்கிணங்க, முதலாம் குலோத்துங்கன் அவ்விகாரத்திற்குரிய ஊர்களுக்கு வரிவிலக்கு அளித்தான். கொடை, போர், மீண்டும் கொடை. 'ஆண்டான்' என்ற ஒற்றைச் சொல்லை நீக்கிவிட்டு இம்மூன்றையும் எவ்வாறு ஒரே பத்தியில் இணைப்பது என்பதுதான் இவ்வாரம் அவர்களுக்கு நான் கொடுத்துள்ள வேலை. இருவர் அனுப்பிவிட்டனர், மற்றவருடையவை ஞாயிற்றுக்கிழமைக்குள் வரவேண்டும்.