பெரும்பான்மை எப்போது மக்களானது?

1848 ஏப்ரல் 23, ஈஸ்டர் ஞாயிறு. பிரான்சின் வயதுவந்த ஆண்கள் தங்கள் பிரதிநிதிகளை நேரடியாகத் தேர்ந்தெடுக்கத் திரண்ட நாள். இரண்டு மாதத்துக்கு முன்புவரை ஆண்டுக்கு 200 பிராங்க் நேரடி வரி கட்டியவர்களுக்கே வாக்கு; நாடு முழுவதும் சேர்த்தால் ஏறக்குறைய இரண்டரை லட்சம் பேர். பிப்ரவரிப் புரட்சி மன்னரை விரட்டியது, மார்ச் 5ஆம் நாள் ஆணை வாக்காளர் தொகையை 90 லட்சத்துக்கு மேல் உயர்த்தியது. நார்மண்டியில் தன் ஊர் ஆண்களோடு, பெயர் வரிசைப்படி இரண்டிரண்டு பேராக வாக்களிக்க நடந்து போனதை அரசியல் சிந்தனையாளர் தொக்வில் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். ஏறத்தாழ எல்லோரும் ஒரே வேட்பாளருக்கு வாக்களித்திருப்பார்கள் என்பது அவர் ஊகம். பண்ணையாருக்குப் பின்னால் குடியானவர்கள் போனார்கள் என்று இதை ஒரு வரியில் முடித்துவிடலாம். வரலாற்றாசிரியர் பியேர் ரோசான்வலோன் அப்படி முடிப்பவர் அல்லர். வாக்குரிமை வரலாறு பற்றி 1992இல் அவர் வெளியிட்ட நூல், 1848இன் பிரெஞ்சுக்காரர்கள் தேர்தலைக் கட்சிகளின் போட்டியாகப் பார்க்கவில்லை, பிளவுபட்ட நாடு ஒன்றுகூடும் சடங்காகவே பார்த்தார்கள் என்று காட்டுகிறது. மக்கள் என்றால் ஒரே உடல், ஒரே குரல். இந்த நம்பிக்கை பிரெஞ்சு ஜனநாயகத்துக்கு வெளியிலிருந்து தொற்றிய நோய் அன்று, கூடவே பிறந்த குறை என்பதுதான் அவருடைய நூல்களின் அடிநாதம். அந்த வாதம் பெருமளவு சரி என்றே நினைக்கிறேன். அது தடுமாறும் இடமும் ஒன்று உண்டு.

1948இல் புளுவா நகரில் பிறந்த ரோசான்வலோன் வரலாற்றுத் துறைக்கு நேர்வழியில் வந்தவர் அல்லர். வணிக மேலாண்மை படித்துவிட்டு சிஎஃப்டிடி தொழிற்சங்கக் கூட்டமைப்பில் பொருளாதார ஆலோசகராகச் சேர்ந்தார். தொழிற்சாலையைத் தொழிலாளர்களே நடத்த வேண்டும் என்ற சுயநிர்வாகக் கொள்கைக்கு அந்தச் சங்கம் கொடி பிடித்த காலம் அது; 1976இல் அதைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். அரசைக் கைப்பற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற பழைய இடதுசாரி நம்பிக்கையோடு அவருக்கு அப்போதே பிணக்கு. பிறகு தத்துவவாதி குளோட் லெஃபோர், வரலாற்றாசிரியர் பிரான்சுவா ஃபூரே ஆகியோரின் சிந்தனை வட்டத்துக்குள் வந்தார். முதல் பெரிய வரலாற்று ஆய்வுக்கு அவர் எடுத்துக்கொண்ட ஆள் கீஸோ. வாக்குரிமையை வசதி படைத்தோரோடு நிறுத்திவைக்கப் பார்த்து, 1848இல் பதவி இழந்த அமைச்சர்! தொழிற்சங்கத்திலிருந்து வந்தவருக்கு இது விசித்திரமான தேர்வுதான். ஆனால் ஜனநாயகத்தைக் கண்டு அஞ்சியவர்கள் எதற்கு அஞ்சினார்கள் என்று கேட்டுப் பார்த்ததால், அதன் உள்முரண்கள் அவர் கண்ணுக்குத் தெளிவாகப் பட்டன. 2001 முதல் 2018 வரை கொலேஜ் த பிரான்சில் பேராசிரியராக இருந்தார்.

அந்த உள்முரண்களுக்கு 1789க்குப் பின் வந்த ஆண்டுகளே முதல் சான்று. இறையாண்மை மக்களுடையது என்று அறிவித்த அதே புரட்சி, குடிமக்களைச் செயலூக்கமுள்ளோர், செயலூக்கமற்றோர் என இரண்டாகப் பிரித்தது. மூன்று நாள் கூலிக்குச் சமமான வரி கட்டியவருக்கே வாக்கு. வீட்டு வேலையாட்களுக்குக் கிடையாது, பிறர் கையை எதிர்பார்ப்பவருக்குச் சொந்தக் கருத்து இருக்காது என்பதால். 1791இல் லெ ஷப்பலியே சட்டம் தொழில் கூட்டமைப்புகளுக்குத் தடை விதித்தது. குடிமகனுக்கும் நாட்டுக்கும் நடுவில் எந்த அமைப்பும் நிற்கலாகாது என்பது அதன் தர்க்கம். தொழிற்சங்கங்கள் சட்டப்படி இயங்க 1884வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 1848இன் தாராளத்துக்கும் இதே இரட்டைமுகம். புதுச்சேரி, காரைக்கால் உள்ளிட்ட பிரெஞ்சிந்தியப் பகுதிகளின் குடிகளுக்கும், ஐந்தாண்டு குடியிருப்பைக் காட்டினால் போதும் என்று வாக்குரிமை வந்தது. மூன்றாம் குடியரசோ பின்னாளில் அங்கே வாக்காளர் பட்டியலையே ஐரோப்பியருக்கு ஒன்று, இந்தியருக்கு வேறு எனப் பிரித்தது. ஒரே மக்கள் என்ற பேச்சுக்கு அங்கே அவ்வளவுதான் மதிப்பு.

எல்லாவற்றையும்விடக் கூர்மையான சான்று லூயி நெப்போலியன். 1848 டிசம்பரில் நான்கில் மூன்று பங்கு வாக்குகளோடு அவர் குடியரசுத் தலைவரானார். 1850 மே மாதம் நாடாளுமன்றப் பழமைவாதிகள் மூன்றாண்டுக் குடியிருப்பு நிபந்தனை கொண்டுவந்து சுமார் 30 லட்சம் பேரின் பெயரை அடித்தார்கள். 1851 டிசம்பர் 2 அன்று நாடாளுமன்றத்தைக் கலைத்த சர்வாதிகாரி அதே மூச்சில் அந்த வாக்குரிமையைத் திருப்பிக் கொடுத்தார். தன் செயலுக்கு மக்களிடம் பொதுவாக்கெடுப்பில் ஒப்புதலும் வாங்கினார். பின்னர் அவர் நிறுவிய இரண்டாம் பேரரசை ஜனநாயகத்தின் மறுப்பு என்று பாடநூல்கள் சொல்லும். ரோசான்வலோன் அதைத் தாராளவாதமற்ற ஜனநாயகம் என்கிறார். தலைவனே மக்கள் என்றானபின் பத்திரிகைக்கும் கட்சிக்கும் சங்கத்துக்கும் என்ன வேலை? 1848இன் ஒற்றுமைச் சடங்கு இந்த முடிவுக்கும் வழி திறந்து வைத்திருந்தது.

கருத்துகளின் தர்க்கத்தில் எல்லாவற்றையும் விளக்கப் பார்க்கிறார் என்ற குற்றச்சாட்டு அவர்மேல் உண்டு. பெண்கள் விஷயத்தில் அது பொருந்துகிறது. பிரெஞ்சுப் பெண்களுக்கு 1944இல்தான் வாக்குரிமை கிடைத்தது. பிரான்ஸ் தன்னாட்சி பெற்ற தனிமனிதரையே குடிமகனாகக் கண்டது, பெண்ணைக் குடும்பத்தின் பகுதியாக எண்ணியதால் விலக்கியது என்பது அவர் விளக்கம். அழகான விளக்கம்தான். ஆனால் பெண்களின் வாக்கு பாதிரிமார் கைக்குப் போய்விடும் என்று செனட்டில் இருந்த மதச்சார்பற்ற கட்சிக்காரர்கள் போட்ட கணக்கும், ஆண்கள் தங்கள் இடத்தை விட்டுக்கொடுக்க மறுத்ததும் அதில் ஓரத்துக்குப் போய்விடுகின்றன.

2006இல் அவர் முன்வைத்த எதிர்-ஜனநாயகம் என்ற கருத்தையும் இந்தப் பின்னணியில்தான் படிக்க வேண்டும். ஆள்வோரைக் கண்காணிப்பது, தடுப்பது, விசாரிப்பது ஆகிய மூன்றும் ஜனநாயகத்தின் எதிரிகள் அல்ல, வாக்குக்குத் துணைநிற்கும் உறுப்புகள் என்கிறார். அவநம்பிக்கையைப் போற்றினால் அது ஜனரஞ்சகவாதத்தில் போய் முடியாதா? முடியலாம் என்று அந்நூலிலேயே ஒப்புக்கொள்கிறார். 2020இல் அதற்கென்றே ஒரு நூலும் எழுதினார். அவர் அதிகாரத்தின் பக்கத்து வீட்டுக்காரர் என்ற விமர்சனம் இன்னும் காரமானது. தொழிலதிபர்களும் உயர் அதிகாரிகளும் அறிவாளிகளும் கூடிய சேன்-சிமோன் அறக்கட்டளையின் முக்கியப் புள்ளியாக இருந்தவர் அவர். அது மெய். ஆனாலும் 2023இல் மக்ரோன் அரசு ஓய்வூதிய வயதை 62இலிருந்து 64ஆக உயர்த்தும் சட்டத்தை இறுதி வாக்கெடுப்பின்றி நிறைவேற்றி, தெருவில் திரண்ட கூட்டத்துக்கு அங்கீகாரம் இல்லை என்று குடியரசுத் தலைவர் சொன்னபோது, அரசை வெளிப்படையாகக் கண்டித்தவர்களில் ரோசான்வலோனும் ஒருவர். தேர்தலில் வென்றதால் ஐந்தாண்டுக்கு எல்லாவற்றுக்கும் அனுமதி கிடைத்துவிடாது என்பது அவர் அரைநூற்றாண்டாகச் சொல்லிவந்ததுதான்.

தடுமாற்றம் அங்கேதான் தெரிகிறது. பெரும்பான்மைக்குக் கடிவாளமாக, தேர்ந்தெடுக்கப்படாத, பாரபட்சமற்ற அமைப்புகளை, குறிப்பாக அரசியல் சட்ட நீதிமன்றங்களை, அவர் தம் நூல்களில் பெரிதும் நம்புகிறார். காலம் கடந்த மக்களின் குரல் அவற்றில் ஒலிக்கும் என்பார். ஓய்வூதியச் சட்டம் பிரான்சின் அரசியல் சட்ட மன்றத்தின் முன் போனது. ஏப்ரல் 14 அன்று மன்றம் சில பிரிவுகளை நீக்கிவிட்டு 64 என்ற வயது வரம்பை ஏற்றது. அன்றிரவே குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டார்.