பூட்டின் சுமை: வன்தட்டு மறையாக்கத்தின் வரலாறு

கணினியைத் திருடியவன் அதன் கடவுச்சொல்லை அறிந்திருக்க வேண்டுவதில்லை. உள்ளிருக்கும் வன்தட்டைக் கழற்றி வேறொரு கணினியில் பொருத்தினால், கடிதமும் கணக்கும் படமும் அவன் கண்முன் விரியும். கணினியைத் தொடங்கும்போது கேட்கப்படும் கடவுச்சொல் வாயிற்கதவு போன்றது. சுவரைப் பெயர்த்து உள்ளே வருபவனுக்கு அக்கதவு தடையாவதில்லை. இக்குறையை நீக்கத் தோன்றியதே வன்தட்டு மறையாக்கம். தட்டில் எழுதப்படுவன யாவும் மறைவடிவம் பெற்ற பின்னரே எழுதப்படும். படிக்கும்போது திறவுகோலின் துணையால் மீண்டும் தெளிவடிவம் பெறும். இதனைக் 'குறியாக்கம்' என வழங்குவாரும் உளர். அச்சொல் எழுத்துகளுக்கு எண்குறி அமைத்தலையும் சுட்டுவதால், மயக்கம் நீங்க ஈண்டு 'மறையாக்கம்' என்றே ஆளப்படுகிறது.

இக்காவல் விலையின்றிக் கிடைப்பதன்று. ஒவ்வொரு முறை எழுதும்போதும் படிக்கும்போதும் நுண்செயலி கணக்கிட்டாக வேண்டும். அதற்கு நேரம் செல்லும். கைப்பேசியாயின் மின்கலமும் கரையும். தாமதம் பொறுக்கமாட்டாதவன் பூட்டைத் திறந்தே போட்டுவிடுவான். ஆதலின், எத்துணை வலிய பூட்டைச் செய்யலாம் என்பதைவிட, மக்கள் எத்துணைச் சுமையுள்ள பூட்டைச் சுமப்பர் என்னும் வினாவே இவ்வரலாற்றை நடத்திவந்துள்ளது.

1977ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு 'டெஸ்' என்னும் மறையாக்க முறையைத் தரநிலையாக ஏற்றது. ஐபிஎம் நிறுவனத்தில் உருவான அம்முறை மின்சுற்றுகளுக்கென வகுக்கப்பட்டது. மென்பொருளாக இயங்கும்போது மிக மெதுவாகவே சென்றது. அதன் திறவுகோலின் நீளமோ 56 பிட் மட்டுமே. 1998இல் 250,000 அமெரிக்க வெள்ளிக்கும் குறைந்த செலவில் அமைக்கப்பட்ட ஒரு பொறி, இயலக்கூடிய திறவுகோல்களை ஒவ்வொன்றாக முயன்று 56 மணி நேரத்தில் அதனை உடைத்தது. அக்காலத்தார் கண்ட மாற்று, அதே முறையை மும்முறை அடுக்குதல். காவல் மிகுந்தது, வேலையும் மும்மடங்காயிற்று. ஏற்கெனவே மெதுவாக நடந்த மாட்டின் முதுகில் மேலும் இரு மூட்டைகளை ஏற்றியது போலாயிற்று.

புதிய முறையொன்றைத் தேடி அமெரிக்கத் தேசியத் தரநிலை, தொழில்நுட்பக் கழகம் 1997இல் உலகப் போட்டியை அறிவித்தது. ஏற்கப்பட்ட 15 முறைகளுள் ஐந்து இறுதிச்சுற்றை எய்தின. அவற்றுள் இரண்டு நோக்கத்தக்கன. ஆண்டர்சன், பிஹாம், நட்சன் மூவரும் வகுத்த 'செர்பென்ட்', மாவைத் திரும்பத் திரும்பப் பிசைவதுபோல, எழுத்துகளை 32 சுற்றுகள் கலக்கும். அன்று அறியப்பட்டிருந்த தாக்குதல்களுக்கு 16 சுற்றுகளே போதும் என்று கருதியும், வருங்காலத்தை எண்ணி அவர்கள் அதனை இரட்டித்தனர். பெல்ஜியம் நாட்டு யோவான் டாமென், வின்சென்ட் ரைமென் ஆகியோரின் 'ரைன்டால்' முறையோ திறவுகோலின் நீளத்திற்கேற்ப 10, 12 அல்லது 14 சுற்றுகளில் அமையும். செர்பென்டின் காவல் இடைவெளி பெரிது. ரைன்டாலின் வேகம் பெரிது. 2000ஆம் ஆண்டு அக்டோபரில் ரைன்டால் வென்றது. 2001இல் 'ஏஇஎஸ்' என்னும் பெயரில் தரநிலையாயிற்று. வேகத்திற்காகக் காவலை விட்டுக்கொடுத்தனர் என்று அன்று வருந்தியோர் உண்டு. ஆயினும் முழுச் சுற்றுகளோடு இயங்கும் ஏஇஎஸ் முறையை நடைமுறையில் உடைத்தவர் இன்றளவும் இலர். தேர்வு தவறவில்லை என்றே கொள்ளல் வேண்டும்.

வன்தட்டுக்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. தட்டு 512 பைட் அல்லது 4,096 பைட் அளவுள்ள சிறு அறைகளாகப் பகுக்கப்பட்டிருக்கும். மறையாக்கிய பின்னும் எழுத்து அவ்வறைக்குள்ளேயே அடங்க வேண்டும். முத்திரை வைக்க ஓரங்குல இடமும் மிஞ்சாது. ஆகவே பகைவன் படிக்க இயலாவிடினும், இங்குமங்கும் சில பிட்டுகளைத் திருத்திவைக்கக் கூடும். 2007இல் விண்டோஸ் விஸ்டாவுடன் பொதுமக்களிடம் வந்த 'பிட்லாக்கர்' இதற்கு ஓர் உத்தி கொண்டிருந்தது. நீல்ஸ் பெர்குசன் வகுத்த 'யானை' என்னும் கலக்கி, ஒரு பிட்டைத் தொட்டாலும் அறை முழுவதும் குழம்புமாறு செய்தது. 2012இல் வந்த விண்டோஸ் 8 யானையை நீக்கிவிட்டது. அது அரசுத் தரநிலைக்கு உட்படாதது, வேகத்தைக் குறைப்பது என்பன பின்னர்க் கூறப்பட்ட காரணங்கள். காரணம் பொருந்துவதே. ஆனால் வேறொரு முறை அவ்விடத்திற்கு வர 2015 நவம்பர் வரை ஆயிற்று என்பது பாராட்டத்தக்கதன்று.

தாமதமே காவலாக அமையும் இடமும் ஒன்றுண்டு. கடவுச்சொல்லிலிருந்து திறவுகோலை வருவிக்கும் கணக்கு விரைவாக முடிந்தால், திருடனும் விரைவாகப் பல சொற்களை முயன்று பார்ப்பான். 'ட்ரூகிரிப்ட்' மென்பொருள் கணினியின் முதன்மைத் தட்டுக்கு அக்கணக்கை 1,000 முறை செய்தது. அதன் வழித்தோன்றலாய் 2013இல் வந்த 'வெராகிரிப்ட்' 327,661 முறை செய்தது. கணினி திறக்க நெடுநேரமாகிறது என்ற முறையீடு எழவே, நீண்ட கடவுச்சொல் வைப்போர் அவ்வெண்ணைக் குறைத்துக்கொள்ள 2015இல் வழிசெய்யப்பட்டது.

2010ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் ஏஇஎஸ் கணக்குக்கென்றே தனிக் கட்டளைகளை நுண்செயலியில் பொறித்து வெளியிட்டது. அத்தகைய கணினி உடையார் பூட்டின் சுமையைப் பெரிதும் உணர்வதில்லை. வழக்கு தீர்ந்தது என்று எண்ணத் தோன்றும். தீர்ந்தது கணினி உடையார்க்கே.

கைப்பேசி உலகில் அது முற்றிலும் வேறாயிருந்தது. 2014இல் கூகுள் நிறுவனம், ஆண்ட்ராய்டு 5.0 உடைய புதுக் கைப்பேசிகள் பூட்டப்பட்ட நிலையிலேயே விற்பனைக்கு வரும் என அறிவித்தது. ஆனால் அவற்றின் படிக்கும் வேகமும் எழுதும் வேகமும் பெரிதும் குன்றின. 2015 தொடக்கத்தில் கட்டாயம் பரிந்துரையாகத் தளர்ந்தது. அவ்வாண்டே வந்த ஆண்ட்ராய்டு 6.0 ஓர் எல்லை வகுத்தது: நொடிக்கு 50 மெபிபைட், அஃதாவது ஏறத்தாழ ஐந்தேகால் கோடி பைட்டுக்கு மேல் ஏஇஎஸ் கணக்கிடவல்ல கைப்பேசிக்குப் பூட்டு கட்டாயம், இயலாததற்கு விலக்கு. பொறியியல் நோக்கில் இது முறையான விதியே. அதன் விளைவைப் பாருங்கள். விலையுயர்ந்த கைப்பேசி பூட்டோடு வந்தது. மலிவான கைப்பேசி பூட்டின்றி வரலாயிற்று. கணினியும் அலமாரியும் இல்லாதவனுக்கு அம்மலிவுக் கைப்பேசியே அஞ்சலகமும் பணப்பையும் குடும்பப் படத்தொகுப்பும் ஆகும். இழந்தால் மிகுதியும் இழப்பவன் அவனே. விலக்கும் அவனுக்கே வாய்த்தது.

2019 பிப்ரவரியில் அந்நிறுவனத்தைச் சார்ந்த பால் கிரௌலி, எரிக் பிக்கர்ஸ் இருவரும் 'அடியான்டம்' என்னும் முறையை வெளியிட்டனர். அவர்கள் ஏஇஎஸ் முறையை விரைவுபடுத்த முயலவில்லை; தட்டின் பெரும்பகுதி வேலையை டேனியல் பெர்ன்ஸ்டைன் 2008இல் வகுத்த 'சாச்சா' முறையிடம் ஒப்படைத்தனர். கூட்டல், சுழற்றல், பிட்டுகளை ஒப்பிட்டு மாற்றல் என எவ்வகை நுண்செயலிக்கும் எளிய செயல்களால் ஆனது சாச்சா. அதற்கு வழக்கமான சுற்றுகள் 20; அவர்கள் கொண்டது 12. அறியப்பட்ட தாக்குதல்கள் ஏழாம் சுற்றைத் தாண்டவில்லை என்பதால் அத்துணிவு கொண்டனர். தனிக் கட்டளைகள் இல்லாத 'கார்டெக்ஸ் ஏ7' நுண்செயலியில் இது ஏஇஎஸ் முறையைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு விரைவாக இயங்கிற்று. வியப்பு வேறொன்றும் உண்டு. அடியான்டம் அறை முழுவதையும் ஒரே பொருளாகக் கொண்டு கலக்குவதால், ஒரு பிட்டைத் தொட்டாலும் அறை முழுவதும் குழம்பும். வேகத்தின் பொருட்டு விண்டோஸ் கைவிட்ட யானையின் வேலை, மலிவுக் கைப்பேசியின் வேகத்தைத் தேடியபோது திரும்பக் கிடைத்தது.

அவ்வாண்டே வெளிவந்த ஆண்ட்ராய்டு 10, விலக்கை நீக்கிப் புதுக் கைப்பேசிகள் யாவற்றுக்கும் மறையாக்கத்தைக் கட்டாயமாக்கிற்று.