கூன் விழுவது வயசால் மட்டும்தானா?

"வயசானா கூன் விழத்தான் செய்யும்" என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். 1940-களின் தொடக்கத்தில் பாஸ்டன் டாக்டர் ஃபுல்லர் ஆல்பிரைட் அப்படி விட்டுவிடவில்லை. அவர் ஆராய்ந்த 42 எலும்புப்புரை நோயாளிகளில் 40 பேர் மாதவிடாய் நின்ற பெண்கள். ஈஸ்ட்ரோஜன் குறைவதுதான் காரணம் என்றார். அதைக் கொடுத்துப் பார்த்தபோது, உடலிலிருந்து கால்சியம் வெளியேறுவது குறைந்தது.

காரணத்தைச் சரியாகப் பிடித்தவர், எலும்பு கட்டும் செல்கள் மந்தமாகிவிடுகின்றன என்றே நினைத்தார். உண்மையில் கட்டும் வேலையும் கூடத்தான் செய்கிறது. அரிக்கும் வேலை அதை மிஞ்சிவிடுகிறது.

அரிக்கச் சொல்வது யார்? 2000-ல் ராபர்ட்டோ பாசிஃபிசியின் குழு, டி செல்கள் இல்லாத எலிகளின் சினைப்பையை அகற்றிப் பார்த்தது. எலும்பு தேயவே இல்லை! சாதாரண எலிகளிலோ, ஈஸ்ட்ரோஜன் போனதும் எலும்பு மஜ்ஜையில் டி செல்கள் பெருகி டிஎன்எஃப் என்ற புரதத்தைச் சுரக்கின்றன. அது எலும்பை அரிக்கும் செல்களை உசுப்பிவிடுகிறது. கிருமியோடு சண்டை போட வேண்டிய படை, சொந்தக் கோட்டையையே இடிக்கிற கதை.

மனிதர்களில் கணக்கு இன்னும் சிக்கல். ஆனாலும் நான் எடுத்துக்கொள்வது இதுதான்: அம்மா லேசாகத் தடுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தால், "வயசு" என்று விட்டுவிடாதீர்கள். எலும்பு அடர்த்தியைப் பார்க்கச் சொல்லுங்கள்.