தொலை உள்ளீட்டுக் கூறகம்

தொலை உள்ளீட்டுக் கூறகம் என்பது, கம்பிவழி எச்சரிக்கை அமைப்பு ஒன்றில் இணைக்கக்கூடிய உணரிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதற்காக, மையக் கட்டுப்பாட்டுப் பலகத்துக்கு அப்பால் பொருத்தப்படும் மின்னணுக் கருவி ஆகும். இது வலய விரிவாக்கி எனவும் அழைக்கப்படும். கதவு, சன்னல் ஆகியவற்றின் காந்த ஆளிகள், அசைவு உணரிகள் போன்றவை இதனுடன் இணைக்கப்படுகின்றன.

தேவை

மின்சாரத்தால் இயங்கும் திருட்டு எச்சரிக்கைக் கருவிக்கு 1853 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் அகசுடசு ரசல் போப் காப்புரிமம் பெற்றார். அக்காலம் தொட்டு, ஒவ்வொரு கதவிலிருந்தும் மையத்துக்குக் கம்பி இழுப்பதே வழக்கமாக இருந்தது. ஒரு வலயத்துக்கு இரு கம்பிகள் எனில், மூன்றாம் மாடியிலுள்ள 10 வலயங்களுக்கு 20 கம்பிகள் வேண்டும். அம்மாடியிலேயே ஒரு கூறகத்தைப் பொருத்தினால், அங்கிருந்து மையத்துக்குப் பெரும்பாலும் 4 கம்பிகளே போதும். அவற்றுள் இரண்டு மின் வழங்கலுக்கும் இரண்டு தரவுக்கும் பயன்படுகின்றன.

செயற்படும் விதம்

ஒவ்வொரு கூறகத்துக்கும் ஒரு தனி முகவரி உண்டு. பலகம் ஒவ்வொரு முகவரியையும் முறையே வினவ, கூறகம் தன் வலயங்களின் நிலையை விடையாக அனுப்புகிறது. விடை வராவிடின் அது பழுதாகக் காட்டப்படும். இரு கூறகங்களுக்கு ஒரே முகவரி அமைந்துவிட்டால் விடைகள் மோதிக் குழப்பம் விளையும். பல அமைப்புகள் 1983 இல் வெளியான ஆர்.எஸ்-485 சீர்தரத்தைப் பின்பற்றுகின்றன. சில தயாரிப்பாளர்கள் தமக்கேயுரிய முறைகளைக் கையாளுகின்றனர்.

வலயக் கண்காணிப்பு

கம்பி அறுக்கப்பட்டதா, உணரி தூண்டப்பட்டதா எனப் பிரித்தறிய இரு மின்தடையங்கள் பயன்படுகின்றன. ஒன்று சுற்றுடன் தொடராகவும், மற்றது வழக்கமாக மூடியிருக்கும் உணரித் தொடுகைக்குப் பக்கமாகவும் இணைக்கப்படும். இரண்டும் 5.6 கிலோ ஓம் எனக் கொண்டால்:

* 5.6 கிலோ ஓம் - இயல்பு நிலை
* 11.2 கிலோ ஓம் - உணரி தூண்டப்பட்ட நிலை
* முடிவிலி - கம்பி அறுந்த நிலை
* சுழியம் - குறுஞ்சுற்று

இம்மின்தடையங்கள் உணரியின் அருகிலேயே அமைய வேண்டும். வேலை எளிது என்று அவற்றைக் கூறகத்தின் பெட்டிக்குள் பொருத்தினால், பெட்டிக்கும் உணரிக்கும் இடைப்பட்ட கம்பியைக் குறுஞ்சுற்றாக்கியவுடன் அவ்வலயம் எப்போதும் இயல்பு நிலையிலேயே காட்டும். கதவு திறந்தாலும் எச்சரிக்கை எழாது.

மின் வழங்கல்

விரிவாக்கத்தில் அதிகம் கவனிக்கப்படாமல் போவது மின்னழுத்த இழப்பே ஆகும். 0.64 மி.மீ. விட்டமுள்ள செப்புக் கம்பியில் 100 மீட்டர் தொலைவுக்குப் போகவும் மீளவும் மின்தடை ஏறத்தாழ 10.6 ஓம். கூறகமும் அதன் உணரிகளும் 200 மில்லி ஆம்பியர் எடுத்தால் 2.1 வோல்ட்டு வழியிலேயே இழக்கப்படும். மின்சாரம் உள்ளபோது பலகம் 13.8 வோல்ட்டு தருவதால், மறுமுனையில் 11.7 வோல்ட்டு கிடைத்து எல்லாம் சரியாகவே தோன்றும். மின்தடங்கலின்போது மின்கலம் 12 வோல்ட்டுக்கு இறங்கினால், மறுமுனையில் 9.9 வோல்ட்டே எஞ்சும். பல உணரிகளுக்கு இது போதாது. எனவே இணைப்பு மின்சாரத்தை நிறுத்தி, மின்கலத்தில் இயங்கும்போதும் சோதித்தல் இன்றியமையாதது.

மின்கலத்தின் கொள்ளளவையும் மீளக் கணக்கிட வேண்டும். 7 ஆம்பியர்-மணி மின்கலம் 24 மணி நேரம் தாங்க வேண்டுமெனில், கோட்பாட்டளவில் மொத்த மின்னோட்டம் 290 மில்லி ஆம்பியரைத் தாண்டக்கூடாது. மின்கலம் பழையதாக ஆக இவ்வளவு மேலும் குறையும். தேவை மிகுந்தால் தடித்த கம்பியோ, கூறகத்தின் அருகில் தனி மின்வழங்கியோ பயன்படுத்தலாம். தனி மின்வழங்கி வைக்கும்போது எதிர்முனைகளைப் பொதுவாக இணைத்து, நேர்முனைகளைத் தனித்தனியே விட வேண்டும்.

குறைபாடு

தனிக்கம்பி முறையில் ஒரு கம்பி பழுதானால் ஒரு வலயமே செயலிழக்கும். கூறக முறையில் தரவுக் கம்பியில் ஏற்படும் ஒரு குறுஞ்சுற்று அதிலுள்ள எல்லாக் கூறகங்களையும் முடக்கக்கூடும். ஆகையால் கம்பிகளைக் குழாய்க்குள் செலுத்துவதும், பெட்டி திறக்கப்பட்டால் அறிவிக்கும் ஆளியைப் பொருத்துவதும் வழக்கம். முகவரியிடக்கூடிய தீ எச்சரிக்கை அமைப்புகளில் கம்பியை வளையமாக அமைத்து, இடையிடையே குறுஞ்சுற்றுத் தனிப்படுத்திகள் வைக்கப்படுகின்றன.

இவற்றையும் பார்க்க

* உணரி
* மின்தடையம்
* தீ எச்சரிக்கை அமைப்பு