உயிருக்கு மோசமில்லை

ஒருவர் மரத்தினின்றும் விழுந்துவிட்டார் என்ற செய்தி வந்ததும் ஊரார் முதலில் வினவுவது, "உயிருக்கு மோசமில்லையே?" என்பதுதான். இல்லை என்ற விடை கிடைத்ததும் பாதிக் கவலை தீர்ந்துவிடுகின்றது. கால் முறிந்ததா, கண் போயிற்றா என்பன பிறகு வரும் பேச்சு.

கொல்லும் தன்மை இல்லாமையைக் குறிக்கத் தமிழிலே அடைமொழிகள் பல உள. சாரையை நஞ்சில்லாத பாம்பு என்பர். முட்ட வராத மாடு சாதுவான மாடு. ஆறிவிடும் புண் ஆபத்தில்லாத புண். ஏட்டு வழக்கிலே தீங்கற்ற, ஊறற்ற, கொல்லாத என்பன வரும். இவற்றை அகராதி ஒரே வரிசையில் நிறுத்தலாம், வழக்கு நிறுத்துவதில்லை. தீங்கற்றது எதுவும் கொல்லாது. ஆனால் கொல்லாதது எல்லாம் தீங்கற்றதாகிவிடாது. வள்ளுவர் 32ஆம் அதிகாரத்தை இன்னா செய்யாமைக்கும் 33ஆம் அதிகாரத்தைக் கொல்லாமைக்கும் வெவ்வேறாக வகுத்திருப்பது ஈண்டு எண்ணத்தக்கது.

கொல்லாத என்னும் எதிர்மறைப் பெயரெச்சத்திலே இன்னுமொரு நுட்பம் உண்டு. கொல்லாத புலி என்றால் புலி கொல்லவில்லை. வேடன் கொல்லாத மான் என்றால் மான் கொல்லப்படவில்லை. செய்தவனுக்கும் பட்டவனுக்கும் அச்சொல் ஒருங்கே பொருந்துகின்றது.

இந்த வேறுபாடுகளை உரைத்துப் பார்க்க ஈழத்து வரலாற்றிலே சீகிரியாவைப் போன்ற உரைகல் வேறில்லை. மாத்தளை மாவட்டத்திலே, சமவெளியினின்றும் ஏறக்குறைய 180 மீற்றர் உயர்ந்து நிற்கும் அப்பாறையில் இன்று ஏறுவோரை, குளவி கலையாதபடி ஓசையின்றிச் செல்லுமாறு அறிவிப்புப் பலகைகள் எச்சரிக்கின்றன. ஒரு குளவி கொட்டினால் பெரும்பாலும் உயிருக்கு மோசமில்லை. கூட்டமே கலைந்தால் கதை வேறு. பாறை மீது அரண்மனை எழுந்த கதையும் உயிர் போக்காத ஓர் அடியிலேதான் தொடங்குகின்றது.

ஐந்தாம் நூற்றாண்டிலே அநுராதபுரத்திலிருந்து ஆண்டவன் தாதுசேனன். கலாவெவ என்னும் பெருங்குளத்தைக் கட்டியவன். அவன் தன் மகளைத் தன் சகோதரியின் மகனாகிய சேனாபதிக்கு மணம் செய்து கொடுத்தான். குற்றம் யாதுமில்லாத அப்பெண்ணை அவள் கணவன் தொடையிலே சவுக்கால் அடித்தான் என்று சூளவம்சம் கூறுகின்றது. அடிபட்டவள் இறக்கவில்லை. ஆனால் அவள் ஆடையிலே குருதியைக் கண்ட தந்தை, சேனாபதியின் தாயை, அதாவது தன் உடன்பிறந்தவளையே, எரித்துக் கொல்லுவித்தான். சேனாபதி வன்மம் கொண்டான். மன்னனின் மூத்த மகன் காசியப்பனைத் தூண்டி அரசைப் பறிக்கச் செய்தான். புதையல் எங்கே என்று நெருக்கப்பட்ட தாதுசேனன் கலாவெவ நீரை அள்ளிக் காட்டி, இதுவே தன் செல்வம் என்றான். ஈற்றில் அவனைச் சங்கிலியாற் பிணித்து, சுவரினுள்ளே நிறுத்தி, மண் வைத்துப் பூசிவிட்டார்கள். வாளை எவரும் வீசவில்லை; ஆயினும் இதைக் கொல்லாத செயல் என்று கூற எந்த மொழியிலும் சொல் இராது.

தம்பி மொகல்லானன் பாரதத்துக்குத் தப்பியோடினான். அவனுக்கு அஞ்சிய காசியப்பன் சீகிரியாவிலே குடியேறினான். பதினெட்டாம் ஆண்டிலே தம்பி திரும்பி வந்தபோது போர் மூண்டது. எதிரே சதுப்பு நிலம் கண்டு காசியப்பனின் யானை திரும்பிற்று. அரசன் புறங்காட்டினான் என்று எண்ணிப் படை சிதறிற்று. காசியப்பன் தன் கழுத்தைத் தானே அறுத்து, கத்தியை உயர்த்திக் காட்டி, உறையிலிட்டு வீழ்ந்தான். இது 495ஆம் ஆண்டு என்பர்.

வென்றவன் செய்ததையும் பார்க்கவேண்டும். தந்தையைக் கொன்றவன் பக்கம் நின்ற பெரியோருள் ஆயிரம் பேருக்கு மேற்பட்டோரை மொகல்லானன் கொல்லுவித்தான். ஏனையோரின் காதுகளையும் மூக்குகளையும் அரிந்தான். பலரை நாடு கடத்தினான். காதறுந்தவர்களும் உயிருக்கு மோசமில்லை என்ற கணக்கிலேதான் சேர்வர்! மக்களோ அவனுக்கு இராட்சதன் என்று பெயரிட்டார்கள். பின்னர் அறவுரை கேட்டுச் சினம் தணிந்து, சீகிரியாவைப் பிக்குகளுக்கு விகாரையாக வழங்கினான்.

நிற்க, மொகல்லானனோடு பாரதம் சென்றவர்களுள் சிலாகாலன் என்பவன் ஒருவன். புத்தகயையிலே துறவியாகி, புத்தரின் கேசதாதுவைக் கொண்டுவந்து மன்னனிடம் சேர்த்தான். மன்னன் அவனுக்குத் தன் சகோதரியைக் கொடுத்து, வாளேந்துவோன் பதவியையும் அளித்தான். பிற்காலத்தில் உபதிஸ்ஸ மன்னனுக்கு எதிராக அவன் எழுந்தபோது அம்மன்னனின் மகன், அவன் பெயரும் காசியப்பன், சூழப்பட்டு, யானை மீதிருந்தே தன் கழுத்தை அறுத்துக்கொண்டான். கேட்ட தந்தை துயரத்தால் மாண்டான். இருவரையும் சிலாகாலனின் கை தீண்டவில்லை.

518இல் அரசனானதும் அந்த வாளேந்தி, தீவிலுள்ள எல்லா உயிர்களுக்கும் கொலையினின்று காப்பு என ஆணை பிறப்பித்தான். மருத்துவசாலைகளின் வருவாயையும் பெருக்கினான். அவ்வாணைக்குப் பாளியிலே மாகாதம் என்று பெயர். 'மா' என்றால் வேண்டாம். 'காத' என்றால் கொலை. முன்னரே ஆமண்டகாமணி அபயன் இத்தகைய ஆணையிட்டதை மகாவம்சம் குறிக்கின்றது. அதற்கும் முந்திய அசோகன், முடிசூடி இருபத்தாறு ஆண்டுகளின் பின், தூண் சாசனமொன்றிலே சில பிராணிகளைப் பெயர் சொல்லி வரிசைப்படுத்தி அவத்தியம், கொல்லத்தகாதவை, என்றான். தமிழிலே கொல்லாத என்பது வேறு, கொல்லத்தகாத என்பது வேறு. முன்னது நிகழ்ந்ததைச் சொல்லும். பின்னது நிகழக்கூடாததை விதிக்கும். அசோகனின் சொல் பட்டியலிலுள்ள பிராணிகளுக்கு. சிலாகாலனின் சொல் எல்லா உயிருக்கும்.

531இல் சிலாகாலன் இறந்தான். இரண்டாம் மகன் தாடாபபூதி மூத்தவனை விலக்கி அரசைக் கைப்பற்றினான். முறையன்று என்று தடுத்த தம்பியைக் கொன்றான்.