மணல் கிளம்புவதும் கரை உடைவதும்: ஊடுருவு நிலத்து அணைகளுக்கான மூன்று விதிகள்

மணற்படுகைமேல் எழுப்பிய அணையின் அடியில் நீர் கசிவதைக் குறையென்று சொல்ல முடியாது. கசியும் நீர் மணலையும் அள்ளிக்கொண்டு வெளியேறுவதுதான் குறை. அதை எப்படிக் கணக்கிடுவது என்பதற்குப் பாசனப் பொறியியல் பாடநூல்கள் ஒரு வரிசை வைத்திருக்கின்றன: பிளை தோராயமாகச் சொன்னார், லேன் திருத்தினார், கோஸ்லா முடித்துவைத்தார். இந்த வரிசை பாதிதான் சரி. பிளையும் கோஸ்லாவும் ஒரே கேள்விக்கு விடை சொன்னவர்களல்லர் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1895–97இல் ரூர்க்கியில் கிளிபர்ன் மணல்வழி நீரோட்டச் சோதனைகளை நடத்தினார். 1898இல் கங்கைமீதிருந்த நரோரா அணை தகர்ந்தது. இப்பின்னணியில்தான் பிளை 1910இல் தம் விதியை வெளியிட்டார். அணைத்தளத்தின் அடியை ஒட்டி நீர் ஊர்ந்து கடக்கும் மொத்த நீளத்தை நீர்மட்ட வேறுபாட்டால் வகுத்தால் கிடைக்கும் எண், மண்வகைக்குரிய அளவைவிடக் குறையக்கூடாது. மிக நுண்ணிய மணலுக்கு அது 18, பருமணலுக்கு 12. இந்த எண்கள் மண்ணின் இயல்பை அளந்து பெற்றவையல்ல. நின்ற அணைகளையும் விழுந்த அணைகளையும் பார்த்து எடுத்தவை. 1935இல் லேன் 278 அணைகளை ஆராய்ந்து, கிடைநீளத்துக்கு மூன்றிலொரு பங்கு மதிப்பே தரலாம் என்றார். அதுவும் அனுபவக் கணக்குதான், அனுபவம் மட்டும் கூடியிருந்தது.

கோஸ்லாவின் வழி வேறு. மேல் செனாப் கால்வாயின் சைபன்களில் 1926–27இல் சிக்கல் எழுந்தபோது அவற்றின் அடியில் அழுத்தக் குழாய்கள் இறக்கி அளந்தார்கள். அளவுகள் பிளையின் கணக்கோடு ஒத்துப்போகவில்லை. 1936இல் போஸ், டெய்லர் ஆகியோருடன் அவர் வெளியிட்ட நூல் முழு நீளத்தைவிட நீர் வெளிவரும் இடத்தையே முதன்மையாக்கியது. அங்கே மேல்நோக்கிய நீர்ச்சரிவு ஏறத்தாழ ஒன்றைத் தொட்டால் மணல்துகள் தன் எடையை இழந்து மிதக்கும் என்பது டெர்சாகி முன்பே காட்டிய உண்மை. அதற்குப் பாதுகாப்புக் காரணி சேர்த்து, நுண்மணலுக்கு 1/6 முதல் 1/7 வரையே அனுமதிக்கலாம் என்றார் கோஸ்லா.

இதன் வலிமை எண்ணில் தெரியும். தளத்தின் நீளம் 30 மீட்டர், கடைமுனைத் தடுப்புச்சுவரின் ஆழம் 5 மீட்டர், நீர்மட்ட வேறுபாடு 4 மீட்டர் என்று கொள்வோம். நீர் வெளிவரும் இடத்துச் சரிவு, அதாவது வெளியேறு சரிவு, ஏறக்குறைய 1/7. கீழ்ப்புற ஆற்றுப்படுகை 2 மீட்டர் தாழ்ந்தால் சுவரின் பயன்படும் ஆழம் 3 மீட்டராகும். அங்கே நீரின்றிக் கிடந்தால் மட்ட வேறுபாடு 6 மீட்டராகும். தளமுனைப் படியைப் புறக்கணித்துத் தோராயமாகக் கணக்கிட்டாலும் சரிவு 1/4ஐத் தாண்டுகிறது; அதாவது இரட்டிப்பாகிறது. பிளையின் கணக்கோ 10இலிருந்து 6 சொச்சத்துக்கு இறங்குகிறது. ஆபத்தை அவரும் காட்டுகிறார், ஆனால் அது எங்கே மையங்கொண்டிருக்கிறது என்று காட்டுவதில்லை.

இதோடு முடிந்திருந்தால் பாடநூல் வரிசை சரியாகவே இருந்திருக்கும். ஆனால் கோஸ்லாவின் சூத்திரப்படி, கடைமுனையில் தடுப்புச்சுவர் இல்லாவிட்டால் வெளியேறு சரிவு முடிவிலி. நெதர்லாந்தின் ஆற்றுக்கரைகள் பெரும்பாலும் அப்படித்தான் நிற்கின்றன: மேலே களிமண், கரிமண் போர்வை, கீழே ஆழ்ந்த மணல். வெள்ளத்தில் போர்வை உப்பி வெடித்து, கரையின் உட்புறத்தில் மணல் ஊற்றுகள் கொப்பளிக்கும். 1993, 1995 வெள்ளங்களில் பல இடங்களில் இது நடந்தது. 1995இல் சுமார் 2.5 லட்சம் பேரை வெளியேற்றினார்கள். ஆயினும் பெருங்கரைகள் உடையவில்லை. மணல் கிளம்பியது, கரை நின்றது. ஊற்றைச் சுற்றி மணல் மூட்டைகளை வளையமாக அடுக்கி உள்ளே நீர் ஏறவிடுவது அங்கே வழக்கம். ஊற்றை யாரும் அடைப்பதில்லை. மட்ட வேறுபாட்டைத்தான் குறைக்கிறார்கள்.

மணல் அரிப்பின் தொடக்கமும் முடிவும் வேறு என்பதைக் கணிதமாக்கியவர் செல்மெயர். 1988ஆம் ஆண்டு டெல்ஃப்ட் ஆய்வேட்டில், போர்வைக்கடியில் பின்னோக்கி வளரும் மெல்லிய வழியின் அடித்துகள்கள் எப்போது நிலைகொள்ளும் என்று கேட்டார். நீர்மட்ட வேறுபாடு ஓர் எல்லைக்குள் இருந்தால் அவ்வழி ஓரளவு நீண்டபின் தானே நின்றுவிடும்; எல்லையைத் தாண்டினால் ஆறுவரை ஓடும். 2009இல் குரோனிங்கன் மாகாணத்தில் 3.5 மீட்டர் உயர முழு அளவுக் கரைகளைக் கட்டி, உடையும்வரை நீர் ஏற்றிச் சோதித்தார்கள். அதன்பின் 2011இல் விதி திருத்தம் பெற்றது.

செல்மெயரிடம் கசிவு நீளம் திரும்பி வருகிறது, பிளை கொடுத்த உருவில் அல்ல. மணற்படுகையின் தடிமனும் நீளமும் ஒரே விகிதத்தில் இரட்டிப்பானால், கரை தாங்கும் நீர்மட்டம் சுமார் 1.6 மடங்குதான் கூடுகிறது. பெரிய கரை, தன் அளவுக்கு ஏற்பப் பார்த்தால், சிறிய கரையைவிட மெலிந்தது. மண்வகைக்கு ஒரு மாறா எண் என்ற நம்பிக்கை இங்கேதான் உடைகிறது. ஆய்வுக்கூடப் பெட்டியில் கிடைத்த முடிவை அப்படியே ஆற்றுக்குப் பெருக்கிவிட முடியாது என்பதும் இதனால்தான்.

எனவே கோஸ்லா ‘எப்போது தொடங்கும்’ என்பதற்கும், செல்மெயர் ‘எப்போது நிற்காது’ என்பதற்கும் விடை தருகிறார்கள். பிளை இரண்டாம் கேள்வியை உணர்ந்திருந்தார். ஆனால் கருவி இல்லாமல் உணர்ந்திருந்தார். கட்டுமானத்துக்கு ஏற்பக் கேள்வி மாற வேண்டும். தடுப்புச்சுவரோடு கூடிய அணைக்கட்டில் நான் முதல் கேள்வியையே தீர்மானிப்பதாக எடுப்பேன்: தொடங்கிய பிறகு, சோதிக்க முடியாத கெட்டித்தளத்தின் அடியில் எஞ்சும் தாங்குதிறனை நம்புவதற்கில்லை. களிமண் போர்வைமேல் நிற்கும் நீண்ட மண்கரையில் இரண்டாம் கேள்வியைத் தவிர்க்கவே இயலாது. ஊற்று ஒன்றுகூட எழாதபடி நூற்றுக்கணக்கான கிலோமீட்டரைக் கட்டுவது நடக்கிற காரியமல்ல.

கொள்ளிடத்தில் இவ்விரண்டும் அருகருகே உள்ளன: முக்கொம்பில் பொறியாளர் காட்டன் 1836இல் தொடங்கிய மேலணையும், அதன் கீழே நெடுக மண்கரைகளும். 2018 ஆகஸ்ட் 22 இரவு மேலணையின் 45 மதகுகளில் 9 அடித்துச் செல்லப்பட்டன. அதற்கு ஒற்றைக் காரணம் கற்பிப்பது என் நோக்கமல்ல. ஆனால் மேலே கண்ட 2 மீட்டர்க் கணக்கு, மணல்மேல் நிற்கும் எந்த அணைக்கட்டுக்கும் பொருந்தும். ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பின்னும் கீழ்ப்புறப் படுகையின் மட்டத்தை அளந்து, சுவரின் ஆழத்தைத் திருத்தி மறுபடி கணக்கிட வேண்டும். மண்கரைகளுக்குத் தேவையான அளவுகள் வேறு: போர்வையின் தடிமன், அடிமணலின் ஆழம், துகளளவு, ஊடுருவுதிறன்.