மூச்சைப் பிடிக்கச் சொல்லாத எக்ஸ்ரே

நாவலப்பிட்டியில் மாமாவை நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிப்போனேன். தேயிலைப் பெக்டரியில் தூள் சலிக்கிற பக்கமே காலமெல்லாம் நின்றவர். நாலு படி ஏறினால் இளைக்கும். நெஞ்சைப் பலகையில் ஒட்டி நிற்கவைத்த தம்பி சிங்களத்தில் “ஹுஸ்ம கன்ன” என்றார். பிறகு தமிழில், “இழுத்துப் பிடிங்க ஐயா.” மூன்றாம் தடவைதான் மாமாவால் பிடிக்க முடிந்தது. பிடித்தால்தான் படம் கலங்காது, சரிதான். ஆனால் அவருடைய வருத்தமே மூச்சு ஓடுகிற விதத்தில் அல்லவா இருக்கிறது? குழாயில் ஊதிப் பார்க்கிற சோதனையும் மொத்தக் கணக்கைத்தான் சொல்லும். எந்த மூலைக்குக் காற்று போகவில்லை என்று சொல்லாது.

ஓடுகிற மூச்சைப் படம்பிடிக்கும் ஒரு வழி முயல்குட்டிகளிடமிருந்து தொடங்கியது. ஜப்பானின் ஹியோகோ மாகாணத்தில் ஸ்பிரிங்-8 என்றொரு வளையம், சுற்றளவு 1,436 மீற்றர். இலத்திரன்களை ஒளியின் வேகத்துக்குக் கிட்ட ஓடவிட்டு, மிகத் தீவிரமான எக்ஸ்ரே கதிரை அங்கே எடுக்கிறார்கள். மெல்பர்ன் மொனாஷ் பல்கலைக்கழகத்தின் ஸ்டுவர்ட் ஹூப்பர், மார்கஸ் கிச்சன் முதலானோர் அதில் முயல்குட்டிகளின் முதல் மூச்சைப் படமாக்கினார்கள். பிறக்கும்வரை நீர் நிறைந்திருந்த நுரையீரலில், ஒவ்வொரு இழுப்பும் நீரைத் தள்ளிக் காற்றை உள்ளே கொண்டுபோவதை அவர்களின் 2007ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது.

காற்று புகுந்த இடமெல்லாம் அந்தப் படங்களில் புள்ளி புள்ளியாக மினுங்கும். மழை நேரத்தில் ரயில் ஜன்னல் கண்ணாடியைப் பாருங்கள், ஒவ்வொரு துளியும் வெளிச்சத்தைத் தன் பங்குக்கு வளைக்கும். அடுக்கடுக்காகக் கிடக்கும் காற்றுப் பைகளும் எக்ஸ்ரேயை அப்படித்தான் வளைக்கின்றன. கிச்சன் குழுவினர் 2004இலேயே இதை விளக்கியிருந்தார்கள்.

அந்தப் புள்ளிகளை வேறு கண்ணால் பார்த்தவர் அன்ட்ரியாஸ் ஃபூராஸ். மொனாஷில் நீரோட்டம், காற்றோட்டம் ஆய்ந்த பொறியியலாளர். அந்தத் துறையில் நீரில் நுண்துகள் தூவி, அடுத்தடுத்து இரண்டு படம் எடுத்து, துகள்கள் நகர்ந்த தூரத்திலிருந்து வேகத்தைக் கணக்கிடுவார்கள். பாலத்தில் நின்று மகாவலியில் மிதந்துபோகும் நுரையை வைத்து ஆற்றின் ஓட்டத்தை மதிப்பதும் இதே கணக்குத்தான். நுரையீரலில் எதையும் தூவ வேண்டியதில்லை, புள்ளிகள் ஏற்கெனவே அங்கே இருக்கின்றன! அவை நகர்வதை அளந்தால் எந்த இடம் எவ்வளவு விரிகிறது, அங்கே எவ்வளவு காற்று சேர்கிறது என்பது தெரிந்துவிடும். இந்தக் கதையில் என்னை மிகவும் கவர்ந்த இடம் இதுதான்.

ஊருக்கு ஊர் அந்த வளையத்தைக் கட்ட முடியாது. 2012இல் ஃபூராஸ் தொடங்கிய நிறுவனம், இன்று 4டிமெடிக்கல், ஆஸ்பத்திரிகளில் ஏற்கெனவே இருக்கும், அசைவைப் படமெடுக்கும் எக்ஸ்ரே பொறிக்கே அந்தக் கணக்கைக் கொண்டுவந்தது. நோயாளி மூச்சுவிட்டபடி இருக்க, சில கோணங்களில் படம் எடுப்பார்கள். எங்கே காற்று சேர்கிறது, எங்கே சேரவில்லை என்பதை மென்பொருள் வரைபடமாக்கித் தரும். 2020 மே மாதத்தில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்கு அனுமதி கொடுத்தது.

இதையெல்லாம் மாமாவிடம் சொன்னேன். வளையத்தைப் பற்றியோ முயல்களைப் பற்றியோ அவர் எதுவும் கேட்கவில்லை.

“அப்ப பிடிக்கச் சொல்ல மாட்டாங்களா?” என்றார்.